தொடும் உறுப்பினர்

எங்கள் கல்லூரிக் கணிப்பொறி மன்றத்தில் நான்கு வகை உறுப்பினர்கள் இருந்தார்கள். ஜன்னல் உறுப்பினர், நிற்கும் உறுப்பினர், உட்காரும் உறுப்பினர், தொடும் உறுப்பினர். ஜன்னல் உறுப்பினர் அறைக்கு வெளியே நின்று கம்பி வழியாகக் கம்ப்யூட்டரைப் பார்க்கலாம். நிற்கும் உறுப்பினர் செருப்பைக் கழற்றி, கால் கழுவி, உள்ளே வந்து சுவரோரம் நிற்கலாம். உட்காரும் உறுப்பினருக்கு நாற்காலி உண்டு. ஆனால் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். தொடும் உறுப்பினர் கல்லூரிக்கே ஒருவர்தான். அது ராஜாமணி. நான் ஜன்னல்.

எனக்கு அவன் மேல் பொறாமை. சாதாரணப் பொறாமை இல்லை, சாப்பிட்ட சோறு செரிக்காத பொறாமை. அது நியாயமானதா இல்லையா என்பதை முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எண்பத்தாறாம் வருஷம் கம்ப்யூட்டர் வந்தது. அதியமான்கோட்டையைத் தாண்டி சேலம் ரோட்டோரத்தில் எங்கள் கல்லூரி. கோயமுத்தூரிலிருந்து லாரியில் அனுப்பியிருந்தார்கள். தொப்பூர் கணவாயில் லாரி கவிழாத வாரம் கிடையாது என்பதால், கணவாய்க்கு முன்பே பெட்டியை இறக்கிக் காரில் மாற்றிக் கொண்டுவருவது என்று முதல்வர் மாரியப்பன் முடிவு செய்தார். கல்லூரியில் கார் இல்லை. ராஜாமணியின் அப்பாவிடம் புளியந்தோப்பும் மாந்தோப்பும் அம்பாசடர் காரும் இருந்தன. கார் அவர்களுடையது என்பதால் மடியும் அவர்களுடையதாக இருந்தது. பின் சீட்டில் ராஜாமணி மடியில் பெட்டியை வைத்து, இரண்டு பக்கமும் இரண்டு பேராசிரியர்கள் பிடித்துக்கொண்டு, மாட்டு வண்டி வேகத்தில் கணவாய் ஏறி வந்தார்கள். கல்லூரி வாசலில் நாதஸ்வரம். ராஜாமணி இறங்கியபோது கால் மரத்துப்போய் நொண்டினான். அந்த நொண்டலைக்கூட ஒரு தியாகம் மாதிரி எல்லோரும் பார்த்தார்கள்.

அவனும் நானும் பி.எஸ்சி. கணிதம், ஒரே பெஞ்சு. பரீட்சையில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து பாஸானவன். அவனைத்தான் நொண்டியபடி மேடைக்குக் கூட்டிப்போனார்கள்.

மடியில் வைத்திருந்தவன் என்பதற்காகவே தொடும் உறுப்பினர் பதவியைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். முறைப்படி தேர்வு நடந்தது. முதல்வர் பிரார்த்தனைக் கூடத்தில் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து, கையை நீட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். என் அப்பா சர்தார், தருமபுரி கடைவீதியில் டெய்லர். சாயங்காலம் நான் கடையில் காஜா எடுப்பேன், ஹெம்மிங் போடுவேன். விரல் நுனியெல்லாம் ஊசி குத்தின புள்ளி. நகத்தில் துணிக்குக் கோடு போடுகிற சாக்குக் கட்டியின் நீலம்.

முதல்வர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். பரிவோடுதான் சொன்னார்.

"இது வேலை செய்யற கைப்பா. கம்ப்யூட்டருக்கு ஆகாது."

அடுத்து ராஜாமணியின் கை. ஜனித்ததிலிருந்து ஒரு வேலையும் செய்யாத கை. முதல்வர் அதைக் கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டினார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டாமல் நின்றால் தெரிந்துவிடும் என்று.

அதற்குப் பிறகு மன்றம் மும்முரமாக வேலை பார்த்தது. கணிப்பொறி வாரம் கொண்டாடினோம். கணிப்பொறிக் கோலப் போட்டி, கணிப்பொறி பற்றிய கவியரங்கம், "கணிப்பொறி வேலையைத் தருமா, பறிக்குமா" என்று பட்டிமன்றம். நடுவராக இருந்த தமிழ்த்துறைத் தலைவர், தந்தாலும் பறித்தாலும் தமிழில் பெயர் வைக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டுகிற நிகழ்ச்சி மட்டும் அழைப்பிதழில் இல்லை. அதற்கு நேரம் இருக்கவில்லை.

மாறுவேடப் போட்டியில் கம்ப்யூட்டர் வேடம் போட வேண்டும். நான் கடையிலிருந்து துணி வந்த அட்டைப்பெட்டியை எடுத்து, ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எழுத்துக் கட்டையாகச் சாக்குக் கட்டியால் வரைந்து, தலையில் கவிழ்த்துக்கொண்டு போனேன். வரைந்ததெல்லாம் வரிசை பிசகாமல் இருந்தது. ராஜாமணி எதுவும் வரையவில்லை. கம்ப்யூட்டர் வந்த அசல் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றான். அவனுக்கு முதல் பரிசு. நடுவர்கள் என்னிடம், "உன்னுது தத்ரூபமா இருக்கு. ஆனா அவனுது உண்மை" என்றார்கள். பெட்டி போட்ட தழும்பு என் காதில் ஒரு வாரம் இருந்தது.

இது போதாதென்று கம்ப்யூட்டருக்கு வெல்வெட் உறை தைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. தருமபுரியில் நம்பிக்கையான டெய்லர் யார் என்று விசாரித்து, என் அப்பாவையே கூப்பிட்டுவிட்டார்கள். மன்றம் அவசரமாகக் கூடியது. உறுப்பினர் அல்லாதவர் அளவெடுப்பது தொடுவதாகுமா என்பது கேள்வி. தமிழ்த்துறைத் தலைவர் நெடுநேரம் யோசித்து, "அளவு நாடாதான் கணிப்பொறியைத் தொடுகிறது. டெய்லர் நாடாவைத்தான் தொடுகிறார்" என்று விளக்கம் கொடுத்தார். தீர்மானம் நிறைவேறியது.

அளவெடுத்த அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சாதாரணமாகச் சாப்பிட உட்கார்ந்தார். அம்மா ஜான் பீ கேட்டாள்.

"எப்படி இருக்குதுங்க அது?"

"தோளு நல்ல அகலம். கழுத்தே இல்ல. முன்னாடி ஒரு டைப்ரைட்டர ஒடச்சு வெச்ச மாதிரி இருக்குது. ஜரிகை வெக்கச் சொல்லியிருக்காங்க."

"அப்பா, உங்க கை பட்டுதா?" என்றேன்.

"படாம எப்படிடா அளவெடுக்கறது?" என்றார், குழம்பை ஊற்றிக்கொண்டே.

நான் தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்தேன். பெற்ற தகப்பன் மேல் பொறாமைப்படும்படி ஒரு மன்றம் நடத்தினார்கள் என்றால் அவர்கள் திறமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் கம்ப்யூட்டர் மேல் ஒரு பல்லி உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதற்கு எந்த வகுப்பு உறுப்பினர் பதவி என்று யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உறை நீக்கும் சடங்கு நடக்கும். ராஜாமணி குளித்துவிட்டு வருவான். உட்காரும் உறுப்பினர்கள் எழுந்து நிற்பார்கள். அவன் எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, உறையை நீக்கி, குனிந்து, கொஞ்ச நேரம் என்னவோ செய்வான். முழங்கை அசையும். பிறகு உறையை மூடிவிட்டுத் திரும்புவான். முகத்தில் ஒரு களை இருக்கும். அந்த முழங்கை அசைவைப் பார்த்துப் பார்த்து நான் இளைத்துப்போனேன்.

இப்படியே போயிருந்தால் பொறாமையோடு படிப்பு முடிந்திருக்கும். கடைசி வருஷத்தில் பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனியின் விளம்பரம் நோட்டீஸ் போர்டுக்கு வந்தது. கம்ப்யூட்டரைக் கையாண்ட அனுபவமுள்ள பட்டதாரிகள் தேவை, கல்லூரியின் சான்று வேண்டும். எங்கள் முதல்வர் உடனே ஒரு சான்றிதழ் அடிக்கச் சொன்னார். தமிழிலும் இங்கிலீஷிலும். "இம்மாணவர் எமது கணிப்பொறி மன்றத்தின் தொடும் உறுப்பினராக இருந்து, கணிப்பொறியை நல்லொழுக்கத்துடன் தொட்டுள்ளார் எனச் சான்றளிக்கப்படுகிறது."

எனக்கு அந்த வேலை வேண்டும். ரெடிமேட் சட்டை வந்த பிறகு அப்பா கடையில் ஒரு மிஷின் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு ஆள் தேவையில்லை. முதல்வர் அறைக்குப் போனேன்.

"சார், நானும் ஒரே ஒரு தடவை தொட்டுக்கறேனுங்க சார்."

"எதுக்குப்பா?"

"சான்றிதழுக்குங்க. பெங்களூருக்கு விண்ணப்பம் போடணுமுங்க."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மஸ்தான், இது டெல்லியில இருந்து பணம் வந்து வாங்கின பொருள். நாளைக்கு அதிகாரிங்க ஆய்வுக்கு வருவாங்க. வரும்போது எப்படி இருக்கணும்? புதுசா இருக்கணும். மாணவர்கள் பயன்படுத்தியிருக்காங்கன்னு தெரிஞ்சா காலேஜப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"ராஜாமணி தொடறானுங்களே சார்."

"அவன் ஆசைப்பட்டுத் தொடல. பொறுப்புல இருக்கறதால தொடறான். நீ ஆசைப்படற. ஆசைப்படறவன்கிட்ட ஒரு பொருளக் கொடுத்தா அவன் அதப் பயன்படுத்திருவான்."

நான் விடாமல் நின்றதால், மன்றப் பொறுப்பாசிரியர் பச்சியப்பனைக் கூப்பிட்டுவிட்டார். அவர் இயற்பியல் பேராசிரியர், நல்ல மனிதர்.

"தொட்டும் பிரயோசனம் இல்ல மஸ்தான்" என்றார் பச்சியப்பன். "இத வித்த கம்பெனிக்காரரு வந்து ஒரு தடவ போட்டுக் காட்டினாரு. மெமரி பத்தலைன்னு எழுத்து வந்துது. அணச்சுட்டாரு. கூடுதலா மெமரி வாங்கிப் போட்டாத்தான் எதுனாலும். அப்படிப் போட்டா எல்லா மாணவர்களும் ஒக்காந்து பழகலாம்னு நான் எழுதிக் கொடுத்திருக்கேன்."

எல்லா மாணவர்களும் என்ற சொல் எனக்குப் போதும். மெமரி வந்தால் தொடலாம், தொட்டால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால் பெங்களூர். மெமரிக்காக நான் தர்காவில் வேண்டிக்கொண்டேன். மெமரி என்றால் என்னவென்று அங்கே விளக்க முடியவில்லை. நல்லது என்று மட்டும் சொன்னேன்.

மெமரி வாங்கித்தர ஒரு புரவலரைப் பிடித்தார்கள். சவுரியப்பன். மாவட்டத்தில் பல இடங்களில் கருங்கல் குவாரி வைத்திருந்தவர். எங்கள் ஊர்க் கறுப்புக் கல்லைப் பாளம் பாளமாக வெட்டி மெட்ராஸ் துறைமுகத்துக்கு அனுப்புவார்; அங்கிருந்து ஜப்பானுக்குப் போகும். மன்ற ஆண்டுவிழாவுக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர். கோரிக்கை உரையை ராஜாமணி வாசிப்பான் என்று முடிவானது. எழுதிக்கொடுத்தவர் தமிழ்த்துறைத் தலைவர். மெமரி, கிமரி என்று ஒரு சொல் இருக்கக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை.

ராஜாமணி மைக்கைப் பிடித்துக் கணீரென்று வாசித்தான்.

"பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களே. எங்கள் கணிப்பொறிக்கு நினைவகம் இல்லை. நினைவகம் இல்லாத காரணத்தால் வாய் திறவாமல் கிடக்கிறது. எத்தனையோ பேருக்கு வாழ்வளிக்க வந்த கணிப்பொறிக்கு ஒரு நினைவகம் அமைக்க இயலாத நிலையில் மாணவச் சமுதாயம் தவிக்கிறது. தாங்கள் பெரிய மனது வைத்து ஒரு நினைவகம் அமைத்துத் தந்தால் உங்கள் பெயர் நிலைத்து நிற்கும்."

சவுரியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் அஞ்சாங்கிளாசுங்க. கணிப்பொறி ஐயாவ நேர்ல பாத்ததில்லைங்க. ஆனா இத்தன புள்ளைங்க அவரு பேரச் சொல்லி வாரம் கொண்டாடறீங்க, கோலம் போடறீங்க, கவித படிக்கறீங்கன்னா அவரு லேசுப்பட்ட மனுசனா இருக்க முடியாதுங்க. அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு நினைவகம் இல்லைன்னு இந்தத் தம்பி சொன்னப்ப எனக்கு நெஞ்சடைச்சுப் போச்சுங்க. ஜப்பான்காரன் செத்தா அவன் தலமாட்டுல நிக்கறது நம்மூருக் கல்லு. என் தொழிலே அதுதானுங்க. நம்மூரு ஆளுக்கு வெக்க மாட்டேனா? வெக்கறேன். பாலீஷ் போட்டு, எழுத்து வெட்டி, ஜப்பானுக்கு அனுப்பறதவிட ஒருபடி மேலாவே வெக்கறேன்."

ஜப்பான் என்ற சொல் வந்ததும் கைதட்டல் கூரையைத் தூக்கியது. மேடையில் பச்சியப்பன் முதல்வரின் காதருகே குனிந்து பதற்றமாக ஏதோ சொன்னார். மைக் அணைக்காததால் முதல்வர் சொன்ன பதில் எல்லோருக்கும் கேட்டது.

"கொடுக்கறவரத் தடுக்காதீங்க. கல்லு மொதல்ல வரட்டும். மெமரிய அப்பறம் பாத்துக்கலாம்."

சவுரியப்பன் தன் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து ராஜாமணிக்குப் போர்த்தினார். எனக்கு அந்தப் பொன்னாடை மேலும் பொறாமையாக இருந்தது. அதன் ஓரம் சரியாக மடித்துத் தைக்கப்படவில்லை என்பது கொஞ்சம் ஆறுதல்.

கல் வந்தது. முகம் பார்க்கலாம் போல ஒரு கறுப்பு மண்டபம். கம்ப்யூட்டர் அறையை விட்டால் வேறு இடம் இல்லாததால், சுவரை இடித்து அந்த இடத்திலேயே நிறுத்தினார்கள். நடு மாடத்தில் கம்ப்யூட்டரை வைத்தார்கள். எழுத்து வெட்டுகிற மேஸ்திரி வந்து, "தோற்றம், மறைவு தேதி சொல்லுங்க சாமி" என்றார். மன்றம் கூடியது.

தோற்றத்தில் சிக்கலில்லை; ராஜாமணி மடியில் வந்த நாள். மறைவுக்குத்தான் விவாதம். கம்பெனிக்காரர் போட்டு அணைத்த நாளை முதல்வர் முன்மொழிந்தார். அன்றைக்குப் பிறகு அது பேசவில்லை என்பது அவர் வாதம். பச்சியப்பன் எழுந்தார்.

"சார், அது சாகலைங்க. நல்லாத்தான் இருக்குது."

"நல்லா இருக்குதுன்னா போட்டுக் காட்டுங்க."

"போடணும்னா தொடணுமுங்களே. தொடும் உறுப்பினர் பெங்களூருக்கு இன்டர்வியூக்குப் போயிருக்கான்."

"அப்ப உயிரோட இருக்குதுன்னு ஆதாரம் இல்ல" என்றார் முதல்வர். மறைவு தேதி ஏகமனதாக நிறைவேறியது. பச்சியப்பன் வராண்டாவுக்குப் போய் நின்றுகொண்டார்.

திறப்பு விழாவுக்குச் சவுரியப்பன் லாரி லாரியாக ஆளைக் கூட்டிவந்தார். ரோட்டில் போன பஸ்களும் நின்றன. அஞ்சலி செலுத்த வந்த பொதுமக்களுக்கு உறுப்பினர் வகுப்பு எதுவும் பார்க்கக் கூடாது என்று சவுரியப்பன் சொல்லிவிட்டார். யார் வேண்டுமானாலும் பூப் போடலாம், தொட்டுக் கும்பிடலாம். நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் குள்ளம்மாள் என்று ஒரு அம்மா, கையில் சாமந்தியோடு, பக்கத்து ஊரிலிருந்து வந்தவர்.

"யாருங்க தம்பி இவரு?" என்றார்.

"கணிப்பொறிங்க."

"பாவம். எப்படிப் போனாரு?"

"ஞாபகம் பத்தலைங்க."

"எங்க வூட்டுக்காரருக்கும் அதே கதைதான் தம்பி. கடைசியில என்னையே யாருன்னு கேட்டாரு."

அவர் போய் இரண்டு கையாலும் கம்ப்யூட்டரைத் தடவி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்கு முன்னால் லாரி டிரைவர்கள், கல் உடைக்கிறவர்கள், இடுப்புப் பிள்ளைகள் என்று எல்லோரும் தொட்டார்கள். அதுவரை ஒருத்தன் மேல் வைத்திருந்த பொறாமையை இத்தனை பேருக்குப் பங்குபோட என்னால் முடியவில்லை. என் முறை வந்தது. ஒரு கட்டையை அழுத்தினேன். உள்ளே போய் மேலே வந்தது. எந்த எழுத்து என்று பார்ப்பதற்குள் பின்னால் இருந்தவர் நகரச் சொன்னார்.

ஆனாலும் தொட்டாயிற்று. ஓட்டமாக முதல்வரிடம் போனேன்.

"சார், தொட்டுட்டேனுங்க. சான்றிதழ் கொடுங்க சார்."

முதல்வர் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உயிரோட இருக்கறப்ப தொட்டவங்களுக்குத்தாம்பா சான்றிதழ்."

ராஜாமணிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. கம்பெனிக்காரர்கள் சான்றிதழைப் படித்துவிட்டு, இப்படி ஒரு சான்றிதழை இதுவரை பார்த்ததில்லை என்று சொன்னார்களாம். அவன் புறப்படுகிற அன்றைக்குத் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வழியனுப்ப இல்லை. அவனுக்கு அப்பா தைத்த புதுச் சட்டைகளைக் கொடுத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார். ஹெம்மிங் நான் போட்டது.

பெங்களூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. ராஜாமணி என்னை ஓரமாக இழுத்துப்போனான். முகம் வெளிறியிருந்தது.

"மஸ்தான், யார்கிட்டயும் சொல்லாதடா. நான் அதத் தொட்டதே இல்ல."

"எத?"

"கம்ப்யூட்டரத்தான். ஷாக் அடிக்கும்னு பயம். பொட்டியத் தொட்டிருக்கேன், ஒறையத் தொட்டிருக்கேன். ஒறைய எடுத்துட்டுக் குனிஞ்சு சும்மா கையை ஆட்டுவேன். நீங்கெல்லாம் ஜன்னல்ல நிப்பீங்களா, அதுக்காவ முதுகத் திருப்பிக்குவேன்."

அவன் தொட்டு வேலை வாங்கியிருந்தால்கூட எனக்கு ஒருநாள் ஆறியிருக்கும். தொட்டவனுக்குக் கிடைத்தது, தொடாதவனுக்குக் கிடைக்கவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். இவனும் என்னை மாதிரி தொடாதவன்தான் என்றால் நான் எந்தக் கணக்கில் தேறுவது? இரண்டு வருஷமாக எரிந்ததெல்லாம் ஒன்றுமில்லை, இப்போதுதான் உண்மையிலேயே எரிந்தது.

கண்டக்டர் விசில் ஊதினார். ராஜாமணி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நாளைக்குப் போனதும் போடச் சொல்லுவாங்கடா. எங்க போடறதுன்னே தெரியல. உனக்குத் தெரியுமா? நீதான் எப்பவும் அதையே பாத்துக்கிட்டு நிப்பியே."

எனக்குத் தெரியும். கம்பெனிக்காரர் வந்து போட்ட அன்றைக்கும் நான் ஜன்னலில் நின்றவன். தப்பாகச் சொல்லியிருக்கலாம். ஏன் அப்படிச் செய்யவில்லை என்று இன்றைக்கும் என் மேல் எனக்கே எரிச்சல்.

"பின்பக்கம், வலது ஓரத்துல. செவப்பா ஒண்ணு இருக்கும். மேல தூக்கணும். கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியாது, பயப்படாத" என்றேன்.

அவன் சட்டைப் பையிலிருந்து தொட்ட சான்றிதழை எடுத்து, அதன் பின்புறத்தில் நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டான். எழுதுவதற்குப் பேனாவும் என்னிடம்தான் வாங்கினான்.